திரையில் சிகரெட், பள்ளியில் வேப்: மாணவர்கள் அறிய வேண்டிய வரலாறு

படிவம் நான்கு மாணவர்களுக்கு 'ஊடகமும் உடல்நலமும்' என்ற தலைப்பில் கட்டுரை கொடுத்திருந்தேன். எழுதிக்கொண்டிருந்த மாணவன் ஒருவன் பேனாவைச் சுண்டிப் போட்டு வாயால் பிடித்தான். வகுப்பே கைதட்டியது. "யாருகிட்டப்பா கத்துக்கிட்ட?" என்றேன். "தெரியலை சார், எல்லாரும் செய்வாங்க" என்றான். அவன் பிறப்பதற்கு முப்பது வருடங்களுக்கு முன்பே திரையில் வந்துவிட்ட பாணி அது. எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே அது அவனிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அந்த வழியைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் தமிழ்த் திரையைப் பார்ப்போம். 1950, 60-களில் எம்.ஜி.ஆர். புகைக்காத, குடிக்காத நாயகன் என்ற பிம்பத்தைக் கட்டிக் காத்தார். புகையும் மதுவும் பெரும்பாலும் வில்லனுக்குத்தான். ஆனால் "அந்தக் காலத்தில் நாயகர்கள் புகைக்கவே இல்லை" என்று தேர்வில் எழுதிவிடாதீர்கள். 1965-இல் வந்த 'சாந்தி' படத்தில் சிவாஜி கணேசன் சிகரெட்டோடு பாடும் காட்சி புகழ்பெற்றது. அங்கே சிகரெட் பாத்திரத்தின் மனக்குழப்பத்தைக் காட்டியது. 1976-இல் வந்த 'மூன்று முடிச்சு' படத்தில் ரஜினிகாந்த் சிகரெட்டைத் தூக்கிப் போட்டுப் பிடித்தபோது நிலைமை மாறியது. சிகரெட்டே ஒரு வித்தை ஆனது. மனக்குழப்பத்தை யாரும் பழகிப் பார்ப்பதில்லை. வித்தையைப் பழகிப் பார்ப்பார்கள். இளையோரை ஈர்த்தது இந்த மாற்றம்தான்.

நம் நாட்டில் இது வேறு வழியிலும் வந்தது. சிகரெட்டை நேரடியாக விளம்பரம் செய்யக் கட்டுப்பாடு வந்ததும், நிறுவனங்கள் விளையாட்டுக்கும் இசை நிகழ்ச்சிக்கும் பணம் கொடுத்துத் தங்கள் பெயரை ஒட்டிக்கொண்டன. 1990-களில் மலேசியக் கால்பந்து லீக்கின் பெயரோடு 'டன்ஹில்' சேர்ந்தே இருந்தது. 1998-இலும் 2001-இலும் நம் பினாங்கு அணி லீக்கை வென்றபோதும் அப்படித்தான். நானும் அப்போது பள்ளி மாணவன். அது சிகரெட்டின் பெயர் என்று யோசித்ததே இல்லை. பந்தாட்டத்தின் பெயர் என்றே நினைத்தேன். 1969-இல் இங்கே தொடங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இப்படிப்பட்ட விளம்பரங்களை எதிர்த்துப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தது.

2003-ஆம் ஆண்டு உலகப் புகையிலை எதிர்ப்பு நாளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் எடுத்த கருப்பொருளே புகையிலை இல்லாத திரைப்படம், புகையிலை இல்லாத நவநாகரிகம் என்பதுதான். அடுத்த ஆண்டு மலேசியாவில் 'தாக் நாக்' இயக்கம் தொடங்கியது. 2005-இல் உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தை மலேசியா ஏற்றது. 2009-இல் பெட்டிகளில் படத்தோடு கூடிய எச்சரிக்கை வந்தது. 2012-இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை, திரையில் வரும் புகைக் காட்சிகளுக்கும் இளையோர் புகைக்கத் தொடங்குவதற்கும் காரண-விளைவுத் தொடர்பு உண்டு என்று முடிவு சொன்னது.

இந்தியாவில் என்ன நடந்தது? 2002-இல் 'பாபா' படத்தின் புகைக் காட்சிகளை எதிர்த்துப் பாட்டாளி மக்கள் கட்சி போராடியது. 2007-இல் வந்த 'சிவாஜி'யில் ரஜினி சிகரெட்டுக்குப் பதிலாகச் சூயிங்கத்தைத் தூக்கிப் போட்டார். ரசிகர்கள் அதற்கும் விசிலடித்தார்கள். அப்படின்னா, ஸ்டைலுக்குச் சிகரெட் தேவையே இல்லை, இல்லீங்களா? 2012 அக்டோபர் முதல் படத்துக்கு முன் எச்சரிக்கைப் படமும், காட்சியின் கீழே எச்சரிக்கை வரியும் கட்டாயமாகின. 2018-இல் 'சர்க்கார்' படத்துக்காக விஜய் புகைப்பது போல வந்த விளம்பரப் படம், எதிர்ப்புக்குப் பிறகு நீக்கப்பட்டது. 2023 ஜனவரியில், மதுவையும் சிகரெட்டையும் தான் விட்டதற்கு மனைவியே காரணம் என்று ரஜினி மேடையில் சொன்னார். அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியான 'ஜெயிலர்' படத்தில் சுருட்டு பற்றவைத்தார். மாணவர்கள் அந்தப் பேச்சைப் பேசிக் காட்டுவதில்லை. சுருட்டைத்தான் நடித்துக் காட்டுகிறார்கள்.

இப்போது நம் பள்ளிக்கு வருவோம். மலேசியச் சுகாதார அமைச்சின் ஆய்வுப்படி, 13 முதல் 17 வயது மாணவரிடையே சிகரெட் பழக்கம் 2017-இல் 13.8 விழுக்காடு; 2022-இல் 6.2. நல்ல செய்தி. ஆனால் அதே காலத்தில் வேப் 9.8-இலிருந்து 14.9 விழுக்காடாக உயர்ந்தது. 2023 ஏப்ரலில் நிக்கோட்டின் கலந்த வேப் திரவம் நச்சுப் பொருள் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. சிறார்க்கு விற்பதைத் தடுக்கும் 852-ஆம் சட்டம் 2024 அக்டோபர் 1-இல்தான் நடப்புக்கு வந்தது. இடையில் ஒன்றரை வருடம். அந்த ஒன்றரை வருடமும் கைபேசியில் புகை வளையம் விடும் குறுங்காணொளிகள் ஓடிக்கொண்டே இருந்தன. அவற்றின் கீழே எச்சரிக்கை வரியும் கிடையாது.

மாணவர்களே, இதைத் தேர்வில் எழுதும்போது "ஊடகம் இளைஞரைக் கெடுக்கிறது" என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். எந்தப் படம், எந்த ஆண்டு, அதற்குப் பிறகு வந்த சட்டம் எது என்று வரிசையாக எழுதுங்கள். சூயிங்கம் உதாரணத்தையும் சேர்த்தால் உங்கள் வாதத்துக்கு இரண்டு பக்கமும் கிடைக்கும்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நுரையீரல் படத்தைக் காட்டிப் பயமுறுத்துவதோடு பாடத்தை முடித்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் பல வருடம் செய்தேன். மாணவர்கள் படத்தைப் பார்த்து முகம் சுளித்தார்கள், அவ்வளவுதான். இப்போது ஒரு காட்சியைப் போட்டு, "இதிலிருந்து சிகரெட்டை எடுத்துட்டா நாயகன் குறைஞ்சு போறாரா?" என்று கேட்கிறேன். பேனா சுண்டிய மாணவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்ல சார், நடைதான் முக்கியம்" என்றான். மறுநாள் கட்டுரையிலும் அதையே எழுதியிருந்தான்.