எட்டு மாறிகளில் ஓர் எஞ்சின்

பெங்களூரின் ஆஸ்டின் டவுனுக்குத் தெற்கே, சற்றுத் தொலைவில் உள்ளது ஆடுகோடி. 1951இல் தொடங்கப்பெற்று ‘மைகோ’ என அறியப்பட்ட மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, அங்கே டீசல் எஞ்சினுக்கான எரிபொருள் பம்புகளைப் பல்லாண்டுகள் உற்பத்தி செய்தது. 2008இல் அது பாஷ் லிமிடெட் எனப் பெயர் மாறியது. அந்த அரை நூற்றாண்டுக்குள் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் முறையும் அடியோடு மாறிவிட்டது.

பழைய பம்பில் கட்டுப்பாடு என்பது கவர்னரின் பணி. வேகம் கூடும்போது சுழலும் எடைகள் விரியும். சுருள்வில் அவற்றை எதிர்க்கும். இரண்டின் சமநிலையே எரிபொருளின் அளவைத் தீர்மானிக்கும். எஞ்சினின் இயல்பு பற்றிய அறிவு அந்த வில்லின் விறைப்பிலேயே பொதிந்திருந்தது. சோதனை மேடையில் பம்பை ஓட்டி, கண்ணாடிக் குழாய்களில் சேரும் எண்ணெயை அளந்து திருத்தினாலே போதும், சமன்பாடு தேவைப்படவில்லை.

புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இந்நிலையை மாற்றின. பாரத் ஸ்டேஜ் 4 விதிகள் பெங்களூர் உள்ளிட்ட பெருநகரங்களுக்கு 2010இலும் நாடு முழுமைக்கும் 2017இலும் வந்தன. ஐந்தாம் கட்டத்தைத் தவிர்த்து, ஆறாம் கட்டம் 2020 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது. நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்க, வெளியேறும் வாயுவில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் செலுத்த வேண்டும். கரும்புகையைத் தவிர்க்க டர்போ போதிய காற்றைத் தர வேண்டும். அந்த டர்போவைச் சுழற்றுவதும் அதே வாயுதான். டர்பைனின் இதழ்களை நெருக்கினால் பின்னழுத்தம் உயர்கிறது, மறுசுழற்சி மிகுகிறது, புதுக்காற்று முதலில் குறைகிறது. டர்போ வேகம் பிடித்த பின்னரே அது கூடத் தொடங்குகிறது. முதற்கண விளைவை மட்டும் நம்பும் கட்டுப்படுத்தி தவறான திசையில் திருத்தும்.

சுவீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோஹான் வால்ஸ்ட்ரோமும் லார்ஸ் எரிக்சனும் 2011இல் வெளியிட்ட கணித மாதிரி இச்சிக்கலை எதிர்கொண்டது. ஸ்கானியா ஆய்வகத்தில் எடுத்த அளவீடுகளே அதற்கு அடிப்படை. அது ஒவ்வொரு எரிதலையும் தனித்துக் கணக்கிடாமல் சுழற்சிகளின் சராசரியைக் கொள்கிறது. இரு குழல்தொகுதிகளின் அழுத்தங்கள், அவற்றின் ஆக்சிஜன் விகிதங்கள், டர்போ வேகம், இயக்கிகளுக்கு மூன்று என மொத்தம் எட்டே நிலைமாறிகள். வெப்பநிலைக்கெனத் தனி மாறிகள் சேர்த்துச் சோதித்தபோது பயன் சிறிதே என்று கண்டு அவற்றை விலக்கினர். முதலில் எதிர்த்திசையில் செல்லும் அந்த இயல்பு மட்டும் மாதிரியில் தவறாமல் நிலைத்தது.

கட்டுப்பாட்டு வடிவமைப்பில் துல்லியம் என்பது இதுவே. சீரான வேகத்தில் எடுத்த அளவுகளோடு முற்றும் பொருந்தும் மாதிரியும், வேகம் மாறும் கணங்களில் திசை தவறக்கூடும். அப்பிழையின் விளைவை, சிக்னலில் பச்சை விழுந்ததும் புறப்படும் பேருந்தின் பின்னால் நிற்பவர் சுவாசிக்கிறார்.