ஃப்ராங்ளின் கிழித்த கோடு

நல்ல வேலை ஒன்று தேடி வருகிறது. சம்பளம் இரண்டு மடங்குக்கும் மேலே. ஆனால் ஊரை விட்டுக் கிளம்பணும். பழகின மனுஷர்களை, மனசுக்குப் பிடித்த வேலையை விடணும். வீட்டில் மூன்று குழந்தைகள். போகலாமா, வேண்டாமா?

யாரோ சாஃப்ட்வேர் ஆசாமி அமெரிக்க விசாவைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். வருஷம் 1772. ஊர், இங்கிலாந்தில் இருக்கிற லீட்ஸ். ஆசாமி பெயர் ஜோசப் ப்ரீஸ்ட்லி. தொழில் பாதிரியார், மிச்ச நேரத்தில் விஞ்ஞானி. சர்ச்சில் அவருக்கு ஒரு வீடும், வருஷத்துக்கு 100 கினி சம்பளமும். நூற்றைந்து பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். குடும்பம் நடத்த அது போதவில்லை என்று அவரே பிற்பாடு எழுதி வைத்திருக்கிறார்.

அந்தச் சமயத்தில்தான் ஷெல்பர்ன் பிரபு கூப்பிட்டார். பிரபுவின் நூலகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும், பிள்ளைகளின் படிப்பைக் கவனிக்க வேண்டும். வருஷத்துக்கு 250 பவுண்டு. குடியிருக்க வீடு. நாளைக்கே இருவரும் பிரிந்துவிட்டால்கூட ஆயுள் முழுக்க ஒரு தொகை உண்டு. அந்தக் காலத்து பென்ஷன்!

கேட்க சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால், பெரிய மனுஷன் வீட்டை அண்டிப் பிழைக்கிற பிழைப்பு யாருக்குத்தான் உறுத்தாது? ப்ரீஸ்ட்லி குழம்பிப் போய், லண்டனில் இருந்த நண்பரிடம் யோசனை கேட்டார். நண்பர், பெஞ்சமின் ஃப்ராங்ளின்.

செப்டம்பர் 19-ம் தேதி ஃப்ராங்ளின் பதில் போட்டார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. முழு விவரம் தெரியாமல் எதைத் தேர்ந்தெடுப்பது என்று சொல்ல முடியாது, எப்படித் தேர்ந்தெடுப்பது என்று வேண்டுமானால் சொல்கிறேன் என்று ஆரம்பித்தார். ஒரு தாளை எடு. நடுவில் கோடு கிழி. ஒரு பக்கம் சாதகம், மறு பக்கம் பாதகம். ஒரே நாளில் எழுதி முடித்துவிடக் கூடாது. மூன்று நாலு நாள் யோசித்து, தோன்றத் தோன்ற எழுத வேண்டும். அப்புறம் எடை போட வேண்டும். இந்தப் பக்கத்து ஒரு காரணம் அந்தப் பக்கத்து ஒரு காரணத்துக்குச் சமமா? இரண்டையும் அடி. ஒன்று இரண்டுக்குச் சமமா? மூன்றையும் அடி. கடைசியில் எந்தப் பக்கம் மிச்சம் நிற்கிறதோ, அந்தப் பக்கம் நட.

பி.காம். படித்தவர்களுக்கு இது பழகின சமாசாரம். பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம். எனக்கும் கல்லூரியில் முதல் வாரமே இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால், வாழ்க்கை விஷயத்தில் இந்தக் கணக்கை நாம் எழுதுகிற லட்சணமே வேறு. ஒரு காரியத்தைச் செய்தால் என்னென்ன ஆபத்து என்று பக்கம் பக்கமாக எழுதுவோம். செய்யாமல் விட்டால் என்ன ஆபத்து? அந்த இடம் காலியாகவே இருக்கும். சும்மா இருப்பதற்குச் செலவு ஏது என்கிற நினைப்பு.

அந்தக் காலி இடத்துக்கு என்ன விலை என்று ஃப்ராங்ளினுக்குத் தெரியும்.

கொஞ்சம் பின்னால் போகலாம். 1721. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் பெரியம்மை. ஊர் ஜனத்தொகையே 11,000 சொச்சம். அதில் ஏறக்குறைய 6,000 பேர் படுத்துவிட்டார்கள். 844 பேர் செத்துப்போனார்கள். அம்மை குத்தினால் தப்பிக்கலாம் என்றார் காட்டன் மேதர் என்கிற பாதிரியார். ஒனெசிமஸ் என்கிற அவரது ஆப்பிரிக்க அடிமை சொல்லிக்கொடுத்த முறை அது. ஜென்னரின் தடுப்பூசி எல்லாம் அதற்கு 75 வருஷம் கழித்துத்தான். இது நோயாளியின் கொப்புளத்தில் இருந்தே சீழை எடுத்து, நல்ல உடம்பில் கீறி வைப்பது. நினைத்தாலே குலை நடுங்குகிறதல்லவா? பாயில்ஸ்டன் என்கிற வைத்தியர் முதலில் தன் ஆறு வயது மகனுக்கே குத்தினார். மொத்தம் சுமார் 240 பேருக்குக் குத்தியதில் இறந்தவர்கள் ஆறு பேர். குத்தாமல் நோய் வந்தவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேர் போக, இங்கே இரண்டு மூன்று பேர்.

கணக்கு தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊர் என்ன செய்தது? மேதர் வீட்டுக்குள் வெடிகுண்டை வீசியது. நல்லவேளை, வெடிக்கவில்லை. அம்மை குத்துவதைக் கிழி கிழியென்று கிழித்த பத்திரிகையை நடத்தியவர் ஜேம்ஸ் ஃப்ராங்ளின். அந்த அச்சகத்தில் வேலை பழகிக்கொண்டிருந்த பதினைந்து வயதுத் தம்பிதான் நம்ம பெஞ்சமின்.

வளர்ந்து பிலடெல்பியாவில் சொந்தப் பத்திரிகை நடத்தியபோது தம்பி கட்சி மாறிவிட்டார். அம்மை குத்துவது நல்லது என்று அதில் செய்தி போட்டார். அவருக்கு ஃப்ரான்ஸிஸ் என்று நாலு வயதுப் பையன். செல்லமாக ஃப்ராங்கி. 1736-ல் ஊரில் அம்மை வந்தது. பையனுக்கு வயிற்றுப்போக்கு. உடம்பு தேறட்டும், அப்புறம் குத்திக்கொள்ளலாம் என்று காத்திருந்தார். எந்தத் தகப்பனும் அப்படித்தான் நினைத்திருப்பான். அம்மை காத்திருக்கவில்லை. நவம்பர் 21-ம் தேதி பையன் போய்விட்டான்.

இதைவிடக் கொடுமை, அம்மை குத்தியதால்தான் ஃப்ராங்ளின் மகன் செத்தான் என்று ஊரில் வதந்தி கிளம்பியது. துக்க வீட்டுக்காரர், இல்லை, என் பையனுக்குக் குத்தவே இல்லை என்று பத்திரிகையில் விளக்கம் போட வேண்டியிருந்தது.

52 வருஷம் கழித்து, 1788-ல் தன் வாழ்க்கை வரலாற்றில் இதை எழுதினார். நான் குத்தி என் பிள்ளை செத்தால் என்னை நானே மன்னிக்க முடியாதே என்று பயப்படும் பெற்றோருக்காகத்தான் அந்தச் சில வரிகள். குத்தாமல் விட்டாலும் அதே வருத்தம் வரும், ஆகவே ஆபத்து குறைந்த வழியில் போங்கள் என்பது அதன் சாரம்.

குடும்பத்துப் பணத்திலும் இதே கதைதான். ஷேரில் போட்டுப் பாதி போனால் ஜென்மத்துக்கும் ஆறாது. அதே பணம் சேமிப்புக் கணக்கில் தூங்கி, விலைவாசியில் பாதி கரைந்தால் ஒருத்தரும் அழுவதில்லை. நம் கை படவில்லை அல்லவா? (உடனே ஷேர் வாங்க ஓடாதீர்கள். இரண்டையும் எழுதிப் பாருங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.)

ப்ரீஸ்ட்லி 1773-ல் பிரபுவிடம் போய்ச் சேர்ந்தார். அடுத்த வருஷம் ஆகஸ்ட் 1-ம் தேதி, பிரபுவின் பௌவுட் மாளிகையில் பெரிய லென்ஸை வைத்துப் பாதரசத் தூளைச் சுட்டபோது ஒரு வாயு வந்தது. அதுதான் ஆக்ஸிஜன். 1780-ல் இருவரும் பிரிந்தார்கள். பேசினபடி வருஷம் 150 பவுண்டு வந்துகொண்டிருந்தது.

கோடு கிழிக்கச் சொன்ன அந்தக் கடிதத்தில் ஃப்ராங்கியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அதே 1772 ஜனவரியில் தங்கை ஜேனுக்கு எழுதியதில் இருக்கிறது. பையன் போய் 36 வருஷமாகிறது, இன்னமும் பெருமூச்சு விடாமல் அவனை நினைக்க முடியவில்லை என்று.