அட்ஜுவன்ட்

அட்ஜுவன்ட்: பெயர்ச்சொல். தடுப்பூசியின் வீரியத்தைக் கூட்டச் சேர்க்கும் துணைப்பொருள். 'உதவுதல்' என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல்.

1920-களில் பிரான்சின் பாஸ்டர் நிறுவனத்துக் கால்நடை மருத்துவர் கஸ்தோன் ரமோன், ஊசி போட்ட இடம் வீங்கிய குதிரைகளில் எதிர்ப்பொருள் அதிகம் சுரப்பதைக் கண்டார். மரவள்ளி மாவு கலந்து ஊசி போட்டு அந்த அழற்சியை வேண்டுமென்றே உண்டாக்கினார், பலன் கூடியது.

இதே உத்தி இன்றும் பயன்படுகிறது. ராயப்பன்பட்டி என்னும் ஊரின் தொழுவங்களில் மாடுகளுக்குப் போடும் கோமாரித் தடுப்பூசியில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸ். அது உடலில் பெருகாது. தனியே செலுத்தினால் எதிர்ப்பாற்றல் வலுவாக எழாது. அட்ஜுவன்டாகக் கனிம எண்ணெய் சேர்த்தால், அது வைரஸ் புரதத்தைப் பிடித்துவைத்து மெல்ல மெல்ல விடுகிறது, பாதுகாப்பு நீடிக்கிறது. ஊசி போட்ட இடத்தில் சிறு வீக்கம் கண்டு பயந்து, ஆறு மாதத் தவணையை யாரும் தவறவிடக் கூடாது.