பெயர் வெட்டிய செம்பு: கல்முனைச் சந்தையிலிருந்து இணையச் சந்தைக்கு

எனது ஊர் சாய்ந்தமருது. கிழமையில் இரண்டு நாள் காலையில் கல்முனைச் சந்தைக்குப் போவேன். மரக்கறிக்கு ஒரு பை, பழைய சாமானுக்கு ஒரு பை. இரண்டாவது பையில் வருவதை இணையத்தில் விற்பதுதான் எனது சின்ன வருமானம். வீட்டிலிருந்தபடி இதைச் செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். அதிகமானோர் தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்கள். செய்யலாம். ஆனால் எங்கள் கரையில் பழைய சாமான் என்பது வெறும் பழைய சாமான் அல்ல.

முதலில் மரக்கறி. பெரிய கடைகளில் அடுக்கியிருப்பதில் பாதிக்கு மேல் தம்புள்ளைப் பக்கமிருந்து லொறியில் வருவது. தோட்டத்துச் சாமான் வேண்டுமென்றால் ஓரத்தில் சாக்கு விரித்து இருக்கும் பெண்களிடம் போக வேண்டும். பயிற்றங்காய், முருங்கையிலை, நாட்டுக்கோழி முட்டை, சட்டியில் எருமைத் தயிர். நேரத்தோடு போனால்தான் கிடைக்கும். பேரம் பேசாதீர்கள். பேசினாலும் அவர்கள் ஒரு பிடி கீரை கூடுதலாகப் போடுவார்களே தவிர விலையைக் குறைக்க மாட்டார்கள். பழைய சாமான் பற்றிய தகவலும் அவர்களிடம்தான் வரும். "புள்ள, எங்கட ஊரில ஒரு வீடு உடைக்கிறாங்க, போய்ப் பாருங்க" என்று ஒரு தமிழ் அம்மா சொன்னதில்தான் எனக்கு முதல் பெட்ரோமக்ஸ் விளக்கு கிடைத்தது.

மற்றது சைக்கிளிலும் ஓட்டோவிலும் வரும் பழைய இரும்பு யாவாரிமார். அவர்கள் நிறுத்து வாங்கி நிறுத்து விற்பவர்கள். வட்டாவோ படிக்கமோ பாக்குவெட்டியோ, அவர்களுக்கு எல்லாம் கிலோக் கணக்கு. 2021இல் உரத் தடை வயலை அடித்தது. 2022இல் இருநூறு ரூபாவாக இருந்த டொலர் முந்நூற்று அறுபதைத் தொட்டது. அந்த வருடம் பரண்களிலிருந்து இறங்கிய பித்தளைக்குக் கணக்கில்லை. நான் தொடங்கியதும் அப்போதுதான். நிறுவை விலைக்குக் கொஞ்சம் மேலே கொடுத்தால் உருக்கப் போகும் சாமானை நிறுத்தி வைக்கலாம். இரண்டு பக்கத்துக்கும் நட்டமில்லை.

வாங்கும்போது ஒரு காந்தம் கையில் இருக்கட்டும். பித்தளையிலும் வெண்கலத்திலும் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பூச்சு. வெண்கலத்தைத் தட்டினால் மணி போல நீண்டு ஒலிக்கும், பித்தளை அவ்வளவு ஒலிக்காது. அடியில் ஈயம் வைத்து ஒட்டிய இடம் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பழப்புளி போட்டுத் தேய்த்துப் பளபளக்கச் செய்ய வேண்டாம். சேகரிப்பவர்கள் அந்தக் கறுப்புக்குத்தான் காசு கொடுக்கிறார்கள். எனது உம்மாவுக்கு இது இன்னும் விளங்கவில்லை. இரண்டு வட்டாக்களைத் தேய்த்து முடித்துவிட்டுத்தான் எனக்குக் காட்டினார்.

நாணயத்தில் ஏமாறுபவர்கள் அதிகம். 1943, 1944 என்று வருடம் போட்ட ஒரு சதம் பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது. பழையது என்பதால் விலை வராது, அரிதாக இருந்தால்தான் வரும்.

விற்பதற்குப் பெரிய வித்தை இல்லை. யன்னல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். பக்கத்தில் ஓர் அடிமட்டம் வையுங்கள். அடிப்பக்கத்தையும் நெளிவையும் மறைக்காமல் காட்டுங்கள். நிறையை எழுதுங்கள். "நூறு வருடப் பழமை" என்று தெரியாமல் எழுதாதீர்கள். உள்நாட்டில் பொதியைக் கொடுத்துக் காசு வாங்கும் கூரியர் முறை பரவாயில்லை. வங்கியில் போட்டதாகச் சிட்டையின் படம் அனுப்புவார்கள். அதை நம்பி நான் ஒரு ராந்தலை இழந்தேன். காசு கணக்கில் விழுந்த பிறகே பொதியைக் கட்டுங்கள். கைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தைக் கேட்பவர் எவரும் வாங்க வந்தவர் அல்ல.

வெளிநாட்டுக்கு அனுப்புவதில் சட்டம் இருக்கிறது. ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட பொருளைத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியின்றி நாட்டை விட்டு அனுப்ப முடியாது. ஏட்டுச்சுவடிக்கும் அதே கதைதான். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2க்கு முற்பட்டவை தொல்பொருட்கள். மண்ணுக்குள்ளிருந்து எடுத்தது கண்டெடுத்தவருக்குச் சொந்தமாகாது. 2020இல் கிழக்கின் தொல்பொருளுக்கென்று ஜனாதிபதி செயலணி அமைத்தபோது அதில் முதலில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. அதிலிருந்து எங்கள் பக்கம் அந்தச் சொல்லைக் கேட்டாலே காணி போய்விடும் என்ற பயம். பயம் நியாயமானது. அதற்காகச் சட்டத்தை மீறி ஒரு பொதி அனுப்பி மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

இனி முக்கியமான விடயம். கிழக்கில் தமிழர் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் பெண்ணுக்குத்தான் வீடு. சாமானும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். கலியாணத்துக்குக் கொடுக்கும் செம்பிலும் தாம்பாளத்திலும் உளியால் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டுவார்கள். வாங்குபவர்கள் சிலர் "பெயரைத் தேய்த்துத் தாருங்கள்" என்பார்கள். நான் தேய்ப்பதில்லை.

1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலிலும் ஏறாவூரிலும் எங்கள் ஆட்கள் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் வீரமுனையில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். ஊர் ஊராக ஆட்கள் ஓடினார்கள், வீடுகள் திறந்து கிடந்தன. பிறகு 2004 டிசெம்பர் 26. இலங்கையில் கூடுதலாக உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில்தான். எங்கள் வீட்டு வட்டாவும் அன்று கடலோடு போனது. ஆகவே சந்தைக்கு வரும் ஒரு செம்பு விற்கப்பட்டதா, எடுக்கப்பட்டதா, கரையொதுங்கியதா என்று யாவாரிக்கும் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டார்.

2022 கடைசியில் ஒரு செம்பு வாங்கினேன். கழுத்தில் ஒரு தமிழ்ப் பெண்ணின் பெயர், பக்கத்தில் ஊரின் பெயர். 1990இல் வெறுமையான ஊர் அது. யாவாரியிடம் கேட்டேன். "ராத்தா, நான் வாங்கினது இன்னொரு ஆளிட்ட" என்றார். விலை போடாமல் படத்தை மட்டும் போட்டு, தெரிந்தவர் இருந்தால் பேசுங்கள் என்று எழுதினேன். நல்ல விலை சொல்லி இரண்டு பேர் வந்தார்கள். அந்த மாதம் எனக்குக் காசு தேவையாகத்தான் இருந்தது.

பதினொரு நாள் கழித்து மட்டக்களப்பிலிருந்து ஒரு பெண் அழைத்தார். அது தனது அம்மாவின் பெயர் என்றார். கழுத்தின் கீழே ஒரு நெளிவு இருக்குமே என்று அவராகவே சொன்னார். இருந்தது. "உங்களிட்ட எப்படி வந்தது?" என்று கேட்டார். யாவாரி சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு விலை கேட்டார். யாவாரிக்குக் கொடுத்ததை மட்டும் சொன்னேன், அதை அனுப்பினார். கூரியரில் வேண்டாம், மகன் வருவான் என்றார். அவன் வந்தபோது உம்மா தேத்தண்ணி கொடுத்தார். குடித்துவிட்டு, செம்பை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான்.

அன்று இரவு அந்தப் பெண் வாட்ஸப்பில் ஒரு பட்டியல் அனுப்பினார். குத்துவிளக்கு இரண்டு, பெரிய தாம்பாளம் ஒன்று, மரைக்கால் ஒன்று, தையல் மெசின் ஒன்று. எல்லாவற்றிலும் அதே பெயர்தான் என்று எழுதியிருந்தார், தையல் மெசினைத் தவிர. அந்தப் பட்டியல் எனது கைபேசியில் இருக்கிறது. சந்தைக்குப் போகும் நாட்களில் யாவாரிமாரிடம் காட்டுகிறேன்.