செபமாலை நேரமும் படம் போடும் நேரமும்

1963 டிசம்பர் 28 அன்று கோலாலம்பூரில் துங்கு அப்துல் ரஹ்மான் மலேசியாவின் தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கி வைத்தார். அதற்கு 24 நாள் முன்பு, டிசம்பர் 4 அன்று, ரோமில் கூடியிருந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் ‘இன்டர் மிரிஃபிக்கா’ என்ற ஏட்டை நிறைவேற்றியிருந்தது. பத்திரிகை, சினிமா, வானொலி, தொலைக்காட்சி ஆகியவற்றை ஒரு கிறிஸ்தவர் எப்படி அணுக வேண்டும் என்று பேசும் ஏடு அது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இந்த இரண்டும் பினாங்கின் தமிழ்க் கத்தோலிக்க வீடுகளில் சந்தித்துக்கொண்டன.

பினாங்குக்குத் திரை புதிதல்ல. தமிழ்க் கத்தோலிக்கருக்கென்று 1857இல் உருவான புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயம் பினாங்கு ரோட்டில் இருக்கிறது. ஓடியன் தியேட்டர் இருந்ததும் அதே சாலையில்தான். பூசை முடிந்து வருகிறவருக்குப் படம் பார்க்க அதிக தூரம் நடக்க வேண்டியதில்லை.

சினிமா திருச்சபையைக் கவலைப்படுத்திய காலம் ஒன்று உண்டு. 1933இல் அமெரிக்கக் கத்தோலிக்கர்கள் ‘லீஜன் ஆஃப் டீசென்சி’ என்ற அமைப்பைத் தொடங்கி, படங்களை ஏ, பி, சி என்று தரம் பிரித்தார்கள். ‘சி’ என்றால் பார்க்கவே கூடாது. கெட்ட படங்களைப் பார்ப்பதில்லை என்று மக்கள் கோயிலில் எழுந்து நின்று உறுதிமொழி எடுத்தார்கள். 1936இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் ‘விஜிலான்டி கூரா’ என்ற சுற்றுமடலில் இந்த முயற்சியைப் பாராட்டி, மற்ற நாடுகளும் இப்படிப் பட்டியல் வெளியிட வேண்டும் என்றார்.

தியேட்டர் விஷயத்தில் பட்டியலுக்குக் கொஞ்சம் பலம் இருந்தது. படம் பார்க்க வேண்டுமென்றால் உடுத்திக்கொண்டு வெளியே போக வேண்டும், காசு கொடுத்து டிக்கெட் வாங்க வேண்டும். அந்த வரிசையில் பங்கு மக்கள் யாராவது பார்த்துவிட்டால் ஃபாதர் காதுக்குப் போய்விடும். டிவிக்கு இந்த வெட்கம் எதுவும் கிடையாது. அது கூடத்துக்கே வந்து உட்கார்ந்துகொண்டது.

இதை ரோம் முன்பே யோசித்திருந்தது. 1957இல் பன்னிரண்டாம் பத்திநாதர் எழுதிய ‘மிராண்டா ப்ரோர்சுஸ்’ சினிமா, வானொலியோடு தொலைக்காட்சியையும் சேர்த்துக்கொண்டது. மறு ஆண்டு டிவிக்கு ஒரு பாதுகாவலியும் அறிவிக்கப்பட்டார்: அசிசி நகர் புனித கிளாரா. 13ஆம் நூற்றாண்டில், ஒரு கிறிஸ்துமஸ் இரவில், நோயில் படுத்திருந்த கிளாராவால் பூசைக்குப் போக முடியவில்லை. தொலைவில் கோயிலில் நடந்த வழிபாட்டைப் படுக்கையில் இருந்தபடியே அவர் கண்டார், கேட்டார் என்பது மரபுக் கதை.

சங்க ஏடான ‘இன்டர் மிரிஃபிக்கா’ 1,960க்கு 164 என்ற வாக்கில் நிறைவேறியது. சத்தில்லாத ஏடு என்று அப்போதே குறை சொன்னார்கள். ஆனாலும் அதில் ஒரு மாற்றம் இருந்தது. படம் எடுப்பவருக்கு மட்டுமல்லாமல் பார்ப்பவருக்கும் கடமை உண்டு என்றது. எதைப் பார்ப்பது என்று அவரே தேர்ந்தெடுக்க வேண்டும், வீட்டில் பிள்ளைகள் பார்ப்பதற்குப் பெற்றோரே பொறுப்பு என்றது. ஆண்டுக்கு ஒரு நாளை இதற்கென ஒதுக்கவும் சொன்னது. சமூகத் தொடர்பு நாள் 1967இல் தொடங்கியது.

அக்கால டிவி, கால் வைத்த மரப்பெட்டி. இழுத்து மூடும் கதவுகூடச் சிலவற்றில் இருந்தது. மேலே பின்னல் துணி விரித்துப் பூஞ்சாடி வைப்பார்கள். அண்ணாந்தால் சுவரில் திருஇருதய ஆண்டவர் படம், அதன்கீழ் சின்னச் சிவப்பு பல்பு. செபமாலை சொல்வதும் அதே கூடத்தில், படம் பார்ப்பதும் அதே கூடத்தில். தவக்காலத்தில் பெட்டியின் கதவைச் சாத்திவைத்த வீடுகளும் உண்டு.

நிகழ்ச்சிகள் குறைவு, இரண்டாவது அலைவரிசையே 1969இல்தான் வந்தது. டிவியில் தமிழ்ப் படம் போடும் நாள் அபூர்வம் என்பதால் பெட்டி இல்லாத அக்கம்பக்கத்தாரும் வந்து தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். எதைப் பார்ப்பது என்ற கேள்விக்கே இடமில்லை. செபமாலைக்கு முன்பா, பின்பா என்பதுதான் வழக்கு. படம் தொடங்கும் நேரம் நெருங்கினால் ஐந்தாம் பத்து மணியின் வேகம் தானாகக் கூடிவிடும்.

1978 இறுதியில் வண்ணம் வந்தது. 1984இல் டிவி3 வந்தது. அதே காலத்தில் வீடியோ கேசட் வந்ததும் அப்பா கையில் இருந்த நேரக்கட்டுப்பாடு போயே போய்விட்டது. 1996இல் ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் டிவி வந்தபின் தமிழ் நிகழ்ச்சிகள் நாள் முழுக்க ஓடின. ஆண்டுக்கு 24 வெள்ளி டிவி லைசென்ஸ் கட்டிய பழக்கமும் சில ஆண்டுகளில் முடிந்தது.

பார்ப்பவருக்காக முடிவெடுக்கும் வேலையை அரசும் விட்டுவிடவில்லை. மோசேயின் கதையைச் சொல்லும் ‘தி பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்’ என்ற கார்ட்டூன் படத்தை 1999இல் மலேசியத் தணிக்கை வாரியம் தடை செய்தது. 2004இல் மெல் கிப்சனின் ‘தி பேஷன் ஆஃப் தி கிரைஸ்ட்’ வந்தபோது வேறு வழி பிடித்தார்கள்: கிறிஸ்தவர்கள் மட்டும் பார்க்கலாம், டிக்கெட் தேவாலயங்கள் மூலம் விற்கப்படும். எதைப் பார்க்கக் கூடாது என்று ஒரு காலத்தில் பட்டியல் காட்டிய திருச்சபை, இப்போது சினிமா டிக்கெட்டைக் கையில் கொடுத்தது.

2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. ஏப்ரல் 12 உயிர்ப்புப் பெருவிழா. கோயில் கதவுகள் சாத்தியிருந்தன. பூசை யூடியூபில் வந்தது. சென்னையின் மாதா டிவியும் அங்கேயே கிடைத்தது. டிவி முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, ஞாயிற்றுக்கிழமை உடுப்போடு உட்கார்ந்தார்கள். எதைப் பார்க்கலாம் என்ற பழைய கேள்வி, எப்படிப் பார்ப்பது என்று மாறியது. நற்செய்தி வாசிக்கும்போது சோபாவிலிருந்து எழ வேண்டுமா? நடுப்பூசையில் தேத்தண்ணி குடிக்கலாமா? நற்கருணை வாங்க முடியாத நிலையில் ஆசையால் உட்கொள்ளும் பழைய செபத்தைப் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

கோயில்கள் திறந்ததும், உடம்புக்கு முடிந்தவர்கள் நேரில் வரவேண்டும் என்ற பழைய கடமையும் திரும்பி வந்தது. டிவி பூசை இப்போது பெரும்பாலும் கிளாராவைப் போலப் படுக்கையில் இருப்பவர்களுக்குத்தான். இறுதி ஆசீர் முடிந்த சில விநாடிகளில் யூடியூப் அடுத்த வீடியோவைத் தானாக ஓடவிடுகிறது. அது பெரும்பாலும் ஒரு படத்தின் டிரெய்லர். ரிமோட்டைத் தேடி யாராவது சமையலறையிலிருந்து ஓடி வருகிறார்கள்.