திரையரங்கு வரலாற்றாய்வு (தமிழ்நாடு)

பழைய சினிமாக் கொட்டகைகளை யார் கட்டினார்கள், எப்படி நடத்தினார்கள், என்னென்ன படங்கள் ஓடின என்று துருவும் ஆய்வு. நாளிதழ் விளம்பரங்கள், பாட்டுப் புத்தகங்கள், நோட்டீசுகள் ஆகியவை இதன் முதன்மைச் சான்றுகள். 1918ஆம் ஆண்டின் சினிமாட்டோகிராப் சட்டம் உரிமத்தைக் கட்டாயமாக்கியதால் அரசுக் கோப்புகளும் துணைநிற்கின்றன. டி. ரங்காச்சாரியார் தலைமையிலான 1927-28 சினிமா விசாரணைக் குழுவின் சாட்சியத் தொகுதிகள், மௌனப்படக் கால வணிகத்தைத் தொழில்செய்தவர்களின் வாய்மொழியிலேயே தருகின்றன.

கட்டடமும் தெருப்பெயரும்கூடச் சாட்சி சொல்லும். 1913இல் தோன்றிய சென்னை எலெக்ட்ரிக் தியேட்டரின் கட்டடம் அண்ணா சாலை அஞ்சலக வளாகத்தில் இருக்கிறது. சாமிக்கண்ணு வின்சென்ட் கோவையில் கட்டிய வெரைட்டி ஹால், ஒரு சாலைக்கே பெயர் தந்தது.

ஆவணக் காப்பகங்களை அலசித் தமிழ்த் திரை வரலாற்றை எழுதிய முன்னோடி சு. தியடோர் பாஸ்கரன்.