தனித்து நின்ற டொனிகல்

1983 செப்டம்பர் 7. அயர்லாந்து மக்கள் தங்கள் அரசியலமைப்பில் எட்டாவது திருத்தத்தைச் சேர்த்தார்கள். கருவிலுள்ள உயிரின் வாழ்வுரிமையும் தாயின் வாழ்வுரிமையும் சமம் என்பது அதன் சாரம். கருக்கலைப்பு அங்கே ஏற்கெனவே குற்றம்தான். நாளைக்கு நாடாளுமன்றமோ நீதிமன்றமோ கதவைத் திறந்துவிடக் கூடாதே என்று போடப்பட்ட இரண்டாவது பூட்டு இது. பூட்டுக்கு ஆதரவு 66.9 விழுக்காடு.

35 ஆண்டுகள் கழித்து, 2018 மே 25 அன்று அதே பூட்டைக் கழற்ற வாக்கெடுப்பு. கழற்றலாம் என்றவர்கள் 66.4 விழுக்காடு. நாடே தலைகீழாகிவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். தொகுதிவாரிக் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் கதை வேறு.

1983இல் திருத்தத்தை எதிர்த்தவை ஐந்தே தொகுதிகள். ஐந்தும் டப்ளின் பக்கம். மேற்கே ராஸ்காமனில் 100 பேரில் 83 பேருக்கு மேல் ஆதரவு. அப்போதே நாட்டின் குறுக்கே ஒரு கோடு விழுந்துவிட்டது. தலைநகரம் ஒரு பக்கம், மேற்கும் வடமேற்கும் மறுபக்கம்.

1992இல் பாலியல் வன்முறையால் கருவுற்ற 14 வயதுச் சிறுமி கருக்கலைப்புக்காக இங்கிலாந்து போவதை அரசு தடுக்க, வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. தாய் தற்கொலை செய்துகொள்ளும் அபாயமும் உயிராபத்துதான் என்றது தீர்ப்பு. அந்த வழியை அடைக்க அரசு அதே ஆண்டு வாக்கெடுப்பு நடத்தித் தோற்றது. 2002இல் மறுபடி முயன்றபோது தோல்வி வெறும் 10,556 வாக்குகளில். கிராமங்கள் அரசுக்குக் கைகொடுத்தன, டப்ளின் கவிழ்த்தது. வேடிக்கை என்னவென்றால், 'இந்தத் தடை போதாது' என்ற கருக்கலைப்பின் தீவிர எதிர்ப்பாளர்கள் சிலரும் டப்ளின்காரர்களோடு சேர்ந்து 'வேண்டாம்' என்றே குத்தினார்கள்.

2012 அக்டோபரில் கால்வே மருத்துவமனையில் சவிதா ஹலப்பனவர் இறந்தார். பெல்காம் குடும்பத்துப் பெண், பல் மருத்துவர், வயது 31. கரு பிழைக்காது என்று தெரிந்தும், அதன் இதயம் துடிக்கும்வரை கலைக்க முடியாது என்று மறுத்தார்கள்; ரத்தத்தில் நச்சு ஏறியது. பழைய வாதங்களுக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது.

2018இல் 40 தொகுதிகளில் 39 கழற்றச் சொன்னன. டப்ளின் பே சவுத்தில் 78 விழுக்காடு. ராஸ்காமன்-கால்வேயிலும் மேயோவிலும் 57. வரிசையைக் கவனியுங்கள்: 1983இல் யார் முன்னே, யார் பின்னே நின்றார்களோ, ஏறக்குறைய அப்படியேதான் நிற்கிறார்கள். ஏரியில் தண்ணீர் ஏறினால் படித்துறையின் படிகள் இடம் மாறுவதில்லை, ஒவ்வொன்றாக முழுகும். மாறியது நீர்மட்டம்.

முழுகாத ஒரே படி, வடமேற்கு மாவட்டமான டொனிகல். 'வேண்டாம்' 51.9 விழுக்காடு.

இதை மதப்பற்று என்ற ஒற்றைச் சொல்லில் முடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. டொனிகலின் நில எல்லையில் பெரும்பகுதி வடக்கு அயர்லாந்தோடுதான். சொந்த நாட்டோடு அதைச் சேர்ப்பது லைட்ரிம் பக்கம் ஒரு குறுகிய துண்டு நிலம். மாவட்டத்தில் ரயிலே கிடையாது. 'மறக்கப்பட்ட மாவட்டம்' என்று அவர்களே தங்களைச் சொல்லிக்கொள்வார்கள். 2012இல் நிதி ஒப்பந்தம், குழந்தைகள் உரிமை என நடந்த இரு வாக்கெடுப்புகளிலும் டொனிகலில் அப்போதிருந்த இரு தொகுதிகளும் மறுப்பையே சொல்லின. 2015 ஒருபாலினத் திருமண வாக்கெடுப்பில் டொனிகல் தென்மேற்கு 'சரி' என்றது 33 வாக்குகளில்தான். டப்ளின் கேட்கும் எதற்கும் முதலில் முகம் சுளிப்பது அங்கே பழக்கமாகிவிட்டது.

அந்த 2015இல் நாட்டிலேயே 'வேண்டாம்' என்ற ஒரே தொகுதி ராஸ்காமன்-தெற்கு லைட்ரிம். ஊர்மானம் போயிற்று என்று அங்கே பலர் குமைந்தார்கள். மூன்றே ஆண்டுகளில் ராஸ்காமன் பூட்டைக் கழற்றும் பக்கம் வந்துவிட்டது.

டொனிகலிலும் 100 பேரில் 48 பேர் பூட்டைக் கழற்றத்தான் வாக்களித்திருந்தார்கள். 2019 ஜனவரி 1 அன்று புதிய சட்டம் அவர்களுக்கும் சேர்த்தே நடைமுறைக்கு வந்தது.